கிளவுட்: யார் வீட்டுப் பரணில் உங்கள் கணக்கு?

கேள்வி: தாராவியில் 90 அடி சாலைக்கு உள்ளே தோல் பை பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. இப்போது நானும் மகனும் பார்த்துக்கொள்கிறோம். கம்பெனிகளுக்குத் தீபாவளிப் பரிசாக பர்ஸ், லேப்டாப் பை செய்து கொடுப்பதுதான் முக்கிய வியாபாரம். கணக்கெல்லாம் டாலி என்ற கணக்கு மென்பொருளில், பட்டறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 2005 ஜூலை வெள்ளத்தில் அப்பாவின் பேரேடுகள் பரணிலிருந்தும் தப்பாமல் ஊறிப்போனதை இன்னும் மறக்கவில்லை. போன மாதம் ஒருவர் வந்து, "டாலியை கிளவுடுக்கு மாத்திடுங்க. ஆளுக்கு மாசம் 700 ரூபாய், மூணு பேருக்குப் போட்டுக்கலாம். மூணு வருஷத்துக்கு எழுதினா தள்ளுபடி. மாறலேன்னா நாளைக்கு ஜிஎஸ்டியில பிரச்சினை வரும்" என்றார். மகளோ, "நம்ம பைல் எல்லாம் ஏற்கெனவே கிளவுட்லதாம்ப்பா இருக்கு" என்கிறாள். கேமரா மாட்ட வந்த பையனும் "கிளவுட் ரெக்கார்டிங்" என்று ஏதோ சொல்கிறான். மூன்று பேர் சொல்வதும் ஒன்றுதானா? கிளவுட் என்றால் சரியாக என்ன? என் கணக்கு எங்கே போய் உட்காரும்? நான் மாறலாமா, வேண்டாமா?

— தாராவி வாசகர், மும்பை

பதில்: அண்ணாச்சி, (எனக்கும் ஊர் தூத்துக்குடிப் பக்கம்தான், அந்த உரிமையில் கூப்பிடுகிறேன்) மூன்று பேர் சொன்னதும் ஒன்றல்ல. மூன்றும் மூன்று சரக்கு, ஒரே லேபிள். உங்கள் தொழிலில் சொல்வதென்றால், ரெக்சினையும் தோலையும் கேன்வாஸையும் ஒரே மேசையில் போட்டு மூன்றுக்கும் 'லெதர் பினிஷ்' என்று சீட்டு ஒட்டின மாதிரி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செம்பூரில் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்கிறேன், 22 வருஷமாக. 2010 வாக்கில் போகிற இடமெல்லாம் "உங்ககிட்ட கிளவுட் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்தேன்? விசிட்டிங் கார்டில் 'கிளவுட் சொல்யூஷன்ஸ்' என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்தேன். அதற்கு முந்தின வாரம் என்ன வேலை பார்த்தேனோ அதையேதான் அடுத்த வாரமும் பார்த்தேன். ஆனால் கூப்பிடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். உங்களிடம் வந்த விற்பனையாளரை நான் ரொம்பத் திட்டாததற்கு இதுதான் காரணம்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வானத்து மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெட்வொர்க் பொறியாளர்கள் தாளில் படம் போடும்போது, தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டம் கட்டமாக வரைவார்கள். நடுவில் டெலிபோன் கம்பெனியின் இணைப்பு வரும் இடத்தில் மட்டும், உள்ளே எத்தனை கம்பி, எத்தனை எக்ஸ்சேஞ்ச் என்று வரைந்துகொண்டிருக்காமல், குழந்தை வரைகிற மேகம் போல ஒரு வளைகோடு போட்டுவிடுவார்கள். 'இதற்குள் என்ன நடக்கிறது என்பது நம் கவலை இல்லை' என்பதுதான் அதற்குப் பொருள். பிறகு இன்டர்நெட்டுக்கும் அதே படம் ஒட்டிக்கொண்டது. ஆக, கிளவுட் என்ற சொல் பிறக்கும்போதே 'உள்ளே என்ன என்று கேட்காதே' என்ற அர்த்தத்தோடுதான் பிறந்தது. வரைபடத்தில் அது சௌகரியம். உங்கள் கணக்குப் புத்தகம் அதற்குள் போகும்போது அது சௌகரியமில்லை.

அதன் பின்னால் இருக்கும் யோசனை சொல்லைவிடப் பழையது. 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி என்ற கணினி விஞ்ஞானி பேசும்போது, டெலிபோன் சேவையைப் போலவே கணிப்பொறியின் திறனையும் ஒருநாள் பொதுச் சேவையாக விநியோகிக்கலாம் என்றார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற ஆங்கிலப் பெயரைக் கொடுத்த அதே மெக்கார்த்திதான். அது நடைமுறைக்கு வர 45 வருஷம் பிடித்தது. 2006 மார்ச்சில் அமேசான், தன் சர்வர்களில் (பல பேருக்கு வேலை செய்து கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டர்கள்) இடத்தை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தது. அதே வருஷம் ஆகஸ்டில் கம்ப்யூட்டரையே மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுத்தது. அந்த மாதமே கூகுளின் அப்போதைய தலைமை நிர்வாகி எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டில் 'கிளவுட் கம்ப்யூட்டிங்' என்று பேச, சொல் கிளம்பிவிட்டது. டெல் கம்பெனி அந்தச் சொல்லையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்யப் பார்த்தது. 2008-இல் அமெரிக்க வணிக முத்திரை அலுவலகம் பச்சைக்கொடி காட்டுவதுபோல் காட்டி, எதிர்ப்பு கிளம்பியதும் மறுத்துவிட்டது. அதே 2008-இல் ஆரக்கிள் என்ற மென்பொருள் கம்பெனியின் நிறுவனர் லாரி எலிசன், நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து இதற்கு கிளவுட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பெண்களின் உடை பேஷனைவிடக் கம்ப்யூட்டர் தொழிலில் பேஷன் மோகம் அதிகம் என்று பொரிந்து தள்ளினார். இன்று அவர் கம்பெனியும் கிளவுட்தான் விற்கிறது. என் விசிட்டிங் கார்டு கதையேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

ஆனால் எல்லாமே பேஷன் என்றும் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே ஒரு புது விஷயம் இதில் இருக்கிறது. அதை உங்களுக்கு விளக்குவது எனக்கு ரொம்பச் சுலபம், ஏனென்றால் தாராவியே அப்படித்தான் ஓடுகிறது.

பர்ஸின் மேல் கம்பெனி லோகோவை எம்போஸ் பண்ண நீங்கள் மெஷின் வாங்கி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. இரண்டு சந்து தள்ளி மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுப்பீர்கள், பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ஜாப் ஒர்க். அக்டோபரில் 5,000 பீஸ் போகும், ஜனவரியில் 50 பீஸ்கூடப் போகாது. போகிற அளவுக்குத்தான் கூலி. மெஷின் ரிப்பேரானால் அது அவர் தலைவலி. அதே மெஷினில் காலையில் உங்கள் சரக்கு, மத்தியானம் உங்கள் போட்டியாளர் சரக்கு. அவருக்கும் மெஷின் சும்மா நிற்காததால் கூலி கட்டுபடியாகிறது. இதில் எம்போசிங் மெஷினை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை வைத்துப் பாருங்கள், கிளவுட் என்பது அதுதான். பெரிய ஆள் பெரிய சர்வர் கூடத்தை வைத்திருப்பார். நூறு பேர், ஆயிரம் பேர் அதைப் பங்குபோட்டு, வேண்டும்போது எடுத்து, ஓடிய அளவுக்குக் காசு கொடுத்து, வேண்டாதபோது விட்டுவிடுவார்கள்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011 செப்டம்பரில் இதை ஒரு சின்ன ஆவணமாக எழுதிவைத்தது. இன்றைக்கும் கிளவுட் என்றால் என்ன என்று கேள்வி வந்தால் பல இடங்களில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். கிளவுட் என்று சொல்ல ஐந்து குணம் வேண்டும் என்கிறது. யாரையும் கேட்காமல் நீங்களே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும், இணைப்பு இருந்தால் எந்தக் கருவியிலிருந்தும் தொட முடிய வேண்டும், பல பேர் பங்குபோடுகிற பொதுக் குவியலாக இருக்க வேண்டும், தேவைக்கேற்ப சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும், மீட்டர் ஓடுவது போல் உபயோகம் அளக்கப்பட வேண்டும். எனக்குக் கேட்டால், சின்ன வியாபாரிக்கு முதலாவதும் கடைசி இரண்டும் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் விற்பனையாளரை அதில் நிறுத்திப் பாருங்கள். நாலாவது ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் அவருக்குப் போன் பண்ண வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆளுக்கு 700. தீபாவளி முடிந்து குறைக்கலாமா என்றால் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். இது ஜாப் ஒர்க் இல்லை, அண்ணாச்சி. இது எங்கேயோ ஒரு ரூமில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் உங்கள் டாலியைப் போட்டு, அதன் திரையை மட்டும் இன்டர்நெட் வழியாக உங்களுக்குக் காட்டுகிற வாடகை ஏற்பாடு. கெட்டது என்று சொல்லவில்லை. அதன் பெயர் வேறு என்கிறேன்.

சொல் எவ்வளவு தூரம் வழுக்கிவிட்டது என்பதற்கு 'கிளவுட் கிச்சன்' ஒன்று போதும். எங்கள் செம்பூரில் ஒரு மாமி தயிர்சாதமும் புளியோதரையும் செய்து ஆப் வழியாக விற்கிறார். போர்டில் கிளவுட் கிச்சன் என்று போட்டிருக்கிறார். அங்கே சர்வரும் கிடையாது, பரிமாறுகிற சர்வரும் கிடையாது! 'சமைக்கிற இடம் உன் கண்ணுக்குத் தெரியாது' என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் அர்த்தம். யோசித்தால், பொறியாளர்கள் வரைந்த அந்த வளைகோட்டின் அர்த்தமும் அதுவேதான். தமிழில் 'மேகக் கணிமை' என்று எழுதுகிறார்கள். இந்திய அரசு தன் கிளவுடுக்கு 'மேகராஜ்' என்று பெயர் வைத்திருக்கிறது. அழகான பெயர்கள்தான். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த நமக்கு மேகம் என்றால் மனசு குளிர்ந்துவிடும், அதுதான் சிக்கல். நான் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது 'வெளி சர்வர்' என்றே சொல்லிவிடுவது. கேட்பவர் உடனே "யாரோட சர்வர்?" என்று கேட்பார். கிளவுட் என்றால் அந்தக் கேள்வி வாயில் வராது.

'என் கணக்கு எங்கே போய் உட்காரும்' என்று நீங்கள் கேட்டதுதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி. அது வானத்தில் இல்லை. நம்மூரில் பெரும்பாலும் ஐரோலிப் பாலம் தாண்டி, தானே–பேலாப்பூர் சாலையில் ஐரோலி, ரபாலே, மஹாபே பக்கம் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். வெளியில் டீசல் ஜெனரேட்டர் வரிசை, மேலே ஏசி எந்திரங்கள். அதெல்லாம் டேட்டா சென்டர்கள். வெளிநாட்டிலிருந்து கடலடி கேபிள்கள் வந்து கரையேறுவது வெர்சோவா பக்கம், அதனால்தான் மும்பையைச் சுற்றி இவ்வளவு கூடங்கள். மைக்ரோசாப்ட் 2015-இலும், அமேசான் 2016-இலும், கூகுள் 2017-இலும் மும்பையில் கிளவுட் கூடங்களைத் திறந்தன. ஆக உங்கள் 'மேகம்' உங்கள் பட்டறையிலிருந்து டாக்சி பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கலாம். சிங்கப்பூரிலும் இருக்கலாம். அந்த விற்பனையாளரின் அண்ணன் வீட்டு பெட்ரூமிலும் இருக்கலாம். நான் பார்த்திருக்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டால்தான் தெரியும், எழுத்தில் கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது மகள் விஷயம். அவள் சொல்வது கூகுள் டிரைவ் மாதிரி ஒன்று என்று நினைக்கிறேன். அது நிஜக் கிளவுட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயம் அவளைக் கேளுங்கள். ஒன்று, இலவசமாகக் கிடைக்கிற 15 ஜிபி இடம் மெயிலுக்கும் போட்டோவுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும் (பாதுகாப்புக்கு எடுத்துவைக்கும் பிரதி) அதற்குள்தான். நீங்கள் தினமும் டிசைன் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தால் அது நிரம்ப எத்தனை நாள்? நிரம்பியபின் புது பைல் ஏறாது. அதைச் சொல்லி வருகிற எச்சரிக்கையை யாராவது படிக்கிறார்களா? இரண்டாவது, கம்ப்யூட்டரில் உள்ள போல்டரும் டிரைவும் ஒன்றையொன்று பார்த்து மாற்றிக்கொள்கிற மாதிரி வைத்திருந்தால், அது கண்ணாடி மாதிரி. நீங்கள் மீசையை எடுத்தால் கண்ணாடியில் உள்ளவரும் எடுத்துவிடுவார். பட்டறையில் யாராவது தப்பாக ஒரு போல்டரை அழித்தால் மேலேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். வைரஸ் வந்து பைல்களைப் பூட்டினால் பூட்டின பைல்தான் மேலே ஏறும். அதனால் 'கிளவுடில் இருக்கிறது' என்பதும் 'பேக்கப் இருக்கிறது' என்பதும் ஒன்றாகாது. இந்தக் குழப்பத்தால் கண்ணீர் விட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், படித்தவர்கள்தான் அதிகம்.

கேமராப் பையன் சொல்வது நியாயம். கடையில் இருக்கிற ரெக்கார்டர் பெட்டியையே திருடன் கழற்றிக்கொண்டு போய்விட்டால் படம் எங்கே? வெளி சர்வரில் ஒரு பிரதி இருப்பது நல்லது. எத்தனை நாள் படம் இருக்கும், சந்தா நின்றால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டு, கல்லா தெரிகிற ஒரு கேமராவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

டாலிக்கு வருவோம். முதலில் அந்த ஜிஎஸ்டி பயமுறுத்தல். கணக்கை கிளவுடில்தான் வைக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தில் எங்கும் இல்லை. அது கேட்பது, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதத்துக்குக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது. கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி, கேட்டால் காட்ட வேண்டும். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பது உண்மை. அதற்கு இன்டர்நெட் வேண்டும், அரசு தளத்தில் பில் பதிவாக வேண்டும், அவ்வளவே. பட்டறைக் கம்ப்யூட்டரிலிருந்தே செய்யலாம். ஒரு இடத்தில் மட்டும் விதி இருக்கிறது. நாளைக்கு உங்கள் மகன் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினால், கணினியில் வைக்கும் கணக்கின் பேக்கப் ஒன்று இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் ஏற வேண்டும். 2022 ஆகஸ்டில் கம்பெனி விதியை அப்படித் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடமும் மென்பொருளில் நிரந்தரமாக இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தும் தொழிலுக்கு இந்தக் கம்பெனி விதிகள் பொருந்தாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், விற்பனையாளரிடம் கேட்காதீர்கள்.

விலையைப் பார்ப்போம். மூன்று பேருக்கு மாதம் 2,100, வருடத்துக்கு 25,200. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 29,736. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், சரி. டாலி லைசென்ஸ் தனியாக உங்களுடையதுதானே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதுபோக, ஜூலை மழையில் தெருவில் பள்ளம் தோண்டி கேபிள் அறுந்து நெட் போனால், அன்றைக்கு ஒரு பில்கூடப் போட முடியாது. இப்போது நெட் போனாலும் பில் போடுகிறீர்கள். இதைப் பற்றி அவர் பேசியிருக்க மாட்டார்.

அப்படியானால் இந்த வாடகையால் யாருக்கு லாபம்? இரண்டு மூன்று கிளைகள் இருந்து எல்லோரும் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் பதிவு போட வேண்டியவர்களுக்கு. அக்கவுன்டன்ட் தானேயிலோ விராரிலோ வீட்டில் உட்கார்ந்து தினமும் வேலை செய்கிறவர்களுக்கு. அவர்களுக்கு இது வரப்பிரசாதம். லோக்கல் ரயிலில் போய்வரும் மூன்று மணி நேரம் மிச்சம். உங்களுக்கு அப்படித் தேவை இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. வீட்டிலிருந்து பாக்கி விவரம் மட்டும் பார்க்க வேண்டும் என்றால், டாலியிலேயே ரிப்போர்ட்டுகளை வெளியிலிருந்து பிரவுசரில் பார்க்க வசதி இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ள ஒரு மத்தியானம் போதும்.

உங்கள் நிஜமான பயம் வேறு, அது 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாள். நான் அன்றைக்குக் குர்லாவிலிருந்து செம்பூருக்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தேன். மறுவாரம் முழுக்க, நனைந்த ஹார்ட் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். முக்கால்வாசியைத் திருப்பித்தர முடியவில்லை. ஒரே ஒரு மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். தினமும் ராத்திரி ஒரு சிடியில் கணக்கை ஏற்றி, டிபன் பாக்ஸோடு முலுண்ட் வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் அவருக்கு. கிளவுட் என்ற சொல் அப்போது நம்மூருக்கு வரவே இல்லை. கணக்கு பிழைத்தது, ஏனென்றால் அது இன்னொரு இடத்தில் இருந்தது.

இன்னொரு இடம் என்பதுதான் விஷயம், பெரிய கம்பெனியின் இடமா என்பது அடுத்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு எல்லாமே போயிற்று. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுடில் வைத்திருந்த சர்வர் ஏற்பாடு ஒன்று தவறுதலாக அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. தனியாக எடுத்துவைத்திருந்த பிரதிகளைக் கொண்டுதான் மீண்டார்கள், அதில் ஒன்று வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. கூகுளிலேயே இப்படி என்றால்.

சயானில் என் வாடிக்கையாளர் ஒருவர் உங்களிடம் வந்தது போன்ற ஏற்பாட்டில்தான் இரண்டு வருஷம் இருந்தார். நடத்தியது ஒரு சின்ன நிறுவனம். ஒரு திங்கட்கிழமை திரை வரவில்லை. போன் சுவிட்ச் ஆப். ஆபீஸுக்குப் போனால் பூட்டு. அவர்கள் தங்களுக்கு மேலே இருந்த டேட்டா சென்டருக்கு வாடகை கட்டவில்லையாம். குத்தகைக்காரனிடம் உள்குத்தகைக்கு இருந்தவன் நிலைமை நம்மூரில் தெரியாதா! பதினெட்டு நாள் அலைந்து, அங்கே முன்பு வேலை பார்த்த ஒரு பையனைப் பிடித்து, நாலு மாதப் பழைய பேக்கப் ஒன்று கிடைத்தது. நடுவில் உள்ள நாலு மாதத்தையும் காகிதப் பில்களிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள். அவர் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. தன் கணக்கின் பிரதி ஒன்றை மாதாமாதம் இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சாவி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கிளவுட் நிறுவனங்கள் கட்டடத்தைக் காக்கும், மெஷினைக் காக்கும்; உங்கள் பாஸ்வேர்டைக் காக்காது. அது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பட்டறைக் கம்ப்யூட்டர் பட்டறைக்குள் இருக்கும்வரை, பாஸ்வேர்டு 'அட்மின் 123' என்றிருந்தாலும் உள்ளே வர ஒருவன் ஷட்டரைத் திறக்க வேண்டும். வெளி சர்வருக்குப் போய்விட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டிப் பார்க்கலாம். போன வருஷம் வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்ட்டுக்கும் அந்த பாஸ்வேர்டு தெரியும் என்றால், அவருக்கு இன்னும் உங்கள் கல்லா திறந்தேதான் கிடக்கிறது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, போனுக்கு ஓடிபி, ஆள் போன அன்றே பெயரை நீக்குவது. இது மூன்றும் இல்லாமல் எந்தக் கிளவுடுக்கும் போகாதீர்கள்.

என் அபிப்பிராயம்: மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைக்கு மாறவும் வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வருட வாடகையைவிட நிறையக் குறைவு. டாலி பேக்கப்பை தினமும் ராத்திரி ஒன்றில் எடுத்து, வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வீடும் தாராவிக்குள்ளேயே தரைத்தளம் என்றால் வேறு யார் வீட்டிலாவது, மாடியில். அப்புறம் மகளிடம் சொல்லி, அதே பேக்கப் பைலுக்கு பாஸ்வேர்டு போட்டு, தேதியோடு பெயர் வைத்து, அவளுடைய டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். தினமும் புதுப் பெயரில் பைல் ஏறுவதால் அந்தக் கண்ணாடி வியாதி வராது. பழைய பைல்களைக் கணக்கு வைத்து அவ்வப்போது அழித்தால் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும். பாருங்கள், கடைசியில் நீங்களும் கிளவுடுக்கு வந்தாயிற்று, காசில்லாமல்.

நாளைக்கு மகன் தானேயிலோ வேறெங்கோ இன்னொரு கிளை போட்டு, வெளி சர்வர் தேவைப்பட்டால், தாராளமாகப் போங்கள். மாத ஒப்பந்தத்தில் போங்கள். மும்பையில் வீடு எடுக்கும்போது என்னென்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள். இடம் உங்களுடையதா, நீங்களே வாடகைக்கு இருக்கிறீர்களா? எந்த ஊர், எந்த டேட்டா சென்டர்? நான் காலி செய்தால் என் சாமானை எத்தனை நாளில், எந்த வடிவத்தில் தருவீர்கள், அதற்குத் தனிக் காசா? வாடகை ஒரு மாதம் தவறினால் பூட்டுவீர்களா, அழிப்பீர்களா? என் கணக்கைத் திறந்து பார்க்க உங்கள் ஆட்களில் யாருக்குச் சாவி உண்டு? பேக்கப் அதே கட்டடத்திலா, வேறு ஊரிலா? வாயால் "எல்லாம் ஸேப் சார்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மெயிலில் பதில் எழுதி அனுப்புகிறவர் கிடைத்தால், அவர் அதை கிளவுட் என்று சொன்னாலும் சரி, வேறென்ன சொன்னாலும் சரி. இப்போது 'ஏஐ கிளவுட்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது, அதற்கும் கேள்விகள் இவையேதான்.

கடைசியாக ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவில், எடுத்துவைத்த பேக்கப்பை ஒருமுறை ரீஸ்டோர் பண்ணி, அதாவது டாலியில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். கவனம், இப்போது ஓடுகிற கணக்கின் மேலேயே எழுதிவிடாமல், வேறொரு புது போல்டரில். அக்கவுன்டன்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன தீபாவளிக்குப் போட்ட ஏதாவது ஒரு பில்லைத் தேடித் திறந்து, தொகை சரியாக இருக்கிறதா என்று காகிதப் பிரதியோடு ஒத்துப்பாருங்கள். திறக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். டாலி பதிப்பு என்ன, திரையில் என்ன பிழை வந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.